நடக்காத கூட்டத்தின் மினிட் புத்தகம்

பழிவாங்குகிறவர்கள் உயரமாக இருப்பார்கள், பல்லைக் கடிப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. நான் ஐந்தடி மூன்றங்குலம். பல்லைக் கடித்தால் கடைவாய்ப் பல் கூசும். போதாததற்கு, பயம் வந்தால் எனக்கு வயிறுதான் முதலில் தகவல் அனுப்பும். இப்படிப்பட்ட நான் ஒரு முதலாளியைப் பழிவாங்கினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. ஆனால் வாங்கினேன். அப்புறம் மனசு கரைந்து மன்னித்துவிட்டேனா என்றால், அதுவும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கராக இருந்தேன். ஒரே ஆள் முதல் போட்டு நடத்துகிற ஆலை இல்லை அது. பங்கு விற்று ஆரம்பித்த கம்பெனி. மீன் கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும், அதற்கு நாமே முதல் போடுவோம் என்று கோட்டுச்சேரியில் நிலம் வைத்திருந்தவர்கள், அம்பகரத்தூர் வாத்தியார்கள், திருவேட்டக்குடிப் படகுக்காரர்கள், ஊருக்குள் இருந்த மரைக்காயர் குடும்பங்கள் என்று பலரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கியிருந்தார்கள். பெரும்பங்கு முதலாளியுடையது. அவர்தான் மானேஜிங் டைரக்டர், பங்குதாரர் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே.

முதலாளி பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிரெஞ்சில் பெருமை பேசுவார், ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார், தமிழில் திட்டுவார். அச்சடித்த தமிழை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவார். கையால் எழுதிய தமிழ் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார்.

"எங்கய்யா போடணும்?" என்று கேட்பார். நான் விரலை வைத்த இடத்தில் போடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் என் விரலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

கம்பெனி என்று ஒன்று இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பங்குதாரர்களைக் கூட்டி, கணக்கைக் காட்டி, கேள்வி கேட்கவிட வேண்டும் என்பது அப்போதே சட்டம். எங்கள் கம்பெனியில் கூட்டம் வருஷம் தவறாமல் நடந்தது, மினிட் புத்தகத்தில் மட்டும். கூட்டத்தில் யார் என்ன பேசினார், என்ன தீர்மானம் ஆயிற்று என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, தலைவர் கையெழுத்திட்டு வைக்க வேண்டிய கனத்த அட்டைப் புத்தகம் அது. அதை எழுதுகிற வேலை என்னுடையது. நானே தலைவரை வரவேற்பேன். நானே அவரைப் பாராட்டுவேன். வாத்தியாரை முன்மொழிய வைப்பேன், படகுக்காரரை வழிமொழிய வைப்பேன். கடைசியில் எல்லாருக்கும் காப்பி கொடுத்து நன்றி சொல்லி அனுப்பிவைப்பேன். அந்த மூன்று பக்கத்தை எழுதுகிற மத்தியான நேரத்தில் நான்தான் கம்பெனி.

வந்தவர்கள் கையெழுத்து வேண்டுமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருந்தது. கார்த்திகையில் பங்குதாரர்களுக்கு ஆளுக்கொரு காலண்டரும் கால் கிலோ மைசூர்பாகும் கொடுப்போம். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து. அந்தத் தாளின் தலைப்பை மட்டும் காலியாக விட்டிருப்பேன். எல்லாரும் போட்டு முடித்த பிறகு, "ஆவணி மாதம் நடந்த பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்தோர்" என்று மேலே எழுதிவிடுவேன். கும்பகோணத்திலிருந்து வருகிற ஆடிட்டர் அதைப் பார்த்து, "இவ்வளவு பேர் வர்றாங்களா! நல்ல கம்பெனிய்யா" என்பார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுவதற்குள் கையெழுத்தும் போட்டுவிடுவார்.

இதில் நான் யோக்கியன் இல்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் அயோக்கியனுக்கும் ஒரு மானம் இருக்கிறது. அதில்தான் முதலாளி கை வைத்தார்.

முதலாளியின் மைத்துனர் நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். எங்கள் ஐஸ் வண்டி வண்டியாக அவருக்குப் போகும். பில் கிடையாது. போன ஐஸை நான் கணக்கில் "உருகல்" என்று எழுத வேண்டும் என்பது முதலாளியின் வாய் உத்தரவு. எழுதினேன். சித்திரை, வைகாசியில் யாரும் கேட்கவில்லை. ஒரு மார்கழியில் புதுச்சேரியிலிருந்து விற்பனைவரி ஆபீசர் ஒருவர் வந்தார். கரண்டு செலவையும் ஐஸ் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனியில் ஆலை வாட்ச்மேன் காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் சார், மனுஷனே வெறைக்கிற இந்த மாசத்துல ஐஸ் மட்டும் எப்படி சார் இம்புட்டு உருகுது?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு ஆலை ஆட்கள், லாரி டிரைவர்கள், ஐஸ் வாங்க வந்த மீன்காரப் பெண்கள் எல்லாரும் நின்ற அந்த முற்றத்தில், என் காலரைப் பிடித்து ஆபீசர் முன்னால் நிறுத்தினார்.

"இந்த முட்டாப்பயதான் சார் எழுதுறான். எனக்கு ஒண்ணும் தெரியாது. அளந்து பாக்குறதுக்குச் சோம்பேறித்தனம், உருகிடிச்சின்னு எழுதிட்டான். மன்னிப்புக் கேளுய்யா சார்கிட்ட! கைய கட்டிக்கிட்டுக் கேளு!"

கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். மீன்காரப் பெண் ஒருத்தி, "அடப் பாவமே" என்றாள். அந்த "அடப் பாவமே"யை நான் இன்னும் செரிக்கவில்லை. ஆபீசர் அபராதம் எழுதிவிட்டுப் போனார். முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, கார்பன் வைத்த காகிதமும் பேனாவும் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: உருகல் எழுதியது முழுக்க என் குற்றம், முதலாளிக்குத் தெரியாது, எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"நம்ம கம்பெனிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கட்டும். நீ பயப்படாதய்யா" என்றார்.

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே தொடங்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது செருப்பை ஆபீசிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"எழுதியே குடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "வேற என்னென்ன எழுதிக் குடுத்தீங்க? நானும் பிள்ளைங்களும் இன்னும் உங்க பேர்லதான் இருக்கமா?"

அந்தச் சமயத்தில்தான் டில்லியில் அந்தப் பேச்சு கிளம்பியது. கம்பெனிகளின் கணக்கைச் சர்க்கார் இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும், ஆடிட்டர் உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் சரக்கைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும், பொய்க்கணக்குக்கு ஜெயில் வேண்டும் என்று ஒரு கட்சி. இப்படி நெரித்தால் யாரும் தொழில் செய்ய முடியாது, ஆபீசர்களுக்கு லஞ்சம் கொடுத்தே கம்பெனி தீர்ந்துவிடும் என்று இன்னொரு கட்சி. பேப்பரில் தினமும் வந்தது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஆடி மாதக் காற்றில் டீ ஆறும்வரை இதே பேச்சு.

"திருடன வெளிய விட்டுட்டு வீட்டுக்காரன ஏன் சோதனை போடுறான்கிறேன்?"

"யோவ், ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா என்னய்யா பண்றது?"

"நீங்க கம்பெனிக் கணக்கராச்சே, சொல்லுங்க. சட்டம் இறுகணுமா, வேணாமா?"

நான் டீ கிளாசுக்குள் பார்ப்பேன். என் நிலைமையை யாருக்குச் சொல்ல? சட்டம் இறுகினால் முதலாளி மாட்டுவார். அதை நினைத்தாலே வாய் இனித்தது. ஆனால் சட்டம் இறுகினால் முதலில் அந்த இழுப்பறைதான் திறக்கும். உள்ளே இருப்பது என் கையெழுத்து. ஜெயிலுக்குப் போவது நான். முதலாளி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார். மனசு முழுக்க ஒரு கட்சி, வயிறு முழுக்க இன்னொரு கட்சி. இப்படி ஓர் ஆளை எந்தத் தேர்தலிலும் நிறுத்த முடியாது.

கார்த்திகை வந்தது. மழையில் நனைந்துகொண்டே காலண்டரும் மைசூர்பாகும் கொடுத்து முடித்தேன். கையெழுத்துத் தாள் நிறைந்தது. ஒரு மத்தியானம் மினிட் புத்தகத்தைத் திறந்து, வழக்கம்போலத் தலைவரை வரவேற்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் பேனா நின்றது. இந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாமே என்று தோன்றியது. தலைவர்கூட.

முதலில் நல்ல நாள் பார்த்தேன். நடக்காத கூட்டத்துக்கு எதற்கு நல்ல நாள் என்று சிரிக்காதீர்கள். நான் அப்படி வளர்க்கப்பட்டவன். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகு காலம். ஆகவே கூட்டம் பகல் பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பித்தது. பிறகு எழுதினேன். அந்த வாசகம் இன்னும் எனக்கு மனப்பாடம்:

"இதர விஷயங்களின்போது பங்குதாரர் மரைக்காயர் அவர்கள் எழுந்து, மார்கழி மாதத்தில் இத்தனை ஐஸ் உருகியது எவ்வாறு என்று வினவினார். அதற்குத் தலைவர் அவர்கள், அந்த ஐஸ் உருகவில்லை என்றும், தமது உத்தரவின்பேரில் தமது மைத்துனரின் வியாபாரத்துக்கு அனுப்பப்பட்டது என்றும், கணக்கர் தமது சொல்லுக்குக் கட்டுப்பட்டே அவ்வாறு எழுதினார் என்றும், இதில் கணக்கருக்கு யாதொரு பொறுப்பும் இல்லை என்றும் மனம் திறந்து விளக்கினார். மேலும், இத்தகைய தவறுகள் நேராதிருக்கக் கம்பெனிக் கணக்குகளைச் சர்க்கார் இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்று தலைவரே முன்மொழிந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பங்குதாரர்கள் நெடுநேரம் கரகோஷம் செய்தனர்."

கரகோஷத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், பாவம், அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கையெழுத்துக்கு எடுத்துப் போனேன். மூன்று தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டுத்தான் போனேன். முதலாளி பேனாவை எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார்! பதினோரு வருஷத்தில் செய்யாததை அன்றைக்குச் செய்தார்.

"என்னய்யா இந்த வருஷம் இம்புட்டு நீளம்?"

"பங்குதாரருங்க கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டாங்க முதலாளி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மேஜைமேல் வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நடக்காத கூட்டத்துல என்னய்யா கூடுதலாப் பேசுறானுவ? நீயே ஒரு கோமாளிப்பய. எங்க போடணும்?"

விரலை வைத்தேன். விரல் நடுங்கி இரண்டு இடம் காட்டியது. முதலாளி இரண்டு இடத்திலும் போட்டார்.

அதற்குப் பிறகு புத்தகம் என் அலமாரியில் தூங்கியது. நான் தூங்கவில்லை. வெடிகுண்டு செய்தவனுக்கு அதை எப்படிக் கொளுத்துவது என்று தெரியாத மாதிரி ஆகிவிட்டது. அதை முதலாளியே கொளுத்திக் கொடுத்தார்.

தை மாதம் எங்கள் வர்த்தகர் சங்கக் கட்டடத்தில் ஒரு விவாதக் கூட்டம் ஏற்பாடானது. கணக்குச் சட்டத்தை இறுக்கலாமா என்பதுபற்றி ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு டில்லிக்கு அனுப்ப ஒரு கட்சிப் பிரமுகர் வருவதாகச் சொன்னார்கள். முதலாளிகள் தரப்பில் எங்கள் முதலாளி பேசவேண்டும். பேச்சை எழுதித் தரவேண்டியவன் நான். அச்சுத் தமிழ் மட்டும் படிப்பவர் ஆதலால் டைப் அடித்துக் கொடுத்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன். "எங்களுக்குப் புதுச்சட்டம் எதற்கு? இதோ எங்கள் மினிட் புத்தகம். எந்தப் பங்குதாரர் வேண்டுமானாலும் இந்த மேடையிலேயே புரட்டிப் பார்க்கலாம்."

முதலாளி அந்த வரியை இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தார். "இது நல்லாருக்குய்யா! புத்தகத்தை ஒரு பட்டுத்துணியில சுத்தி எடுத்துட்டு வா" என்றார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. தலைமை ஒரு வக்கீல். சட்டம் வேண்டும் என்ற தரப்புக்குப் பஞ்சாலைத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர். முன்வரிசையில் எங்கள் பங்குதாரர்கள் சிலர், அவர்களில் அந்த மரைக்காயர். சைகோனில் கடை வைத்திருந்து திரும்பியவர், எழுபது வயது. ஊரில் எல்லாரும் அண்ணன் என்ற முறையில் நானா என்றே கூப்பிடுவோம். எந்த விலையையும் கேட்காமல் விடமாட்டார், எந்தத் தாளையும் படிக்காமல் மடிக்கமாட்டார். யாராவது இலவசமாகப் புரட்டச் சொன்னால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது என் கணக்கு.

தொழிற்சங்கத்துக்காரர் மைக்கைக் கடிப்பதுபோல் பேசினார். "ஏழைபாழைங்க சேத்து வச்சத பங்குன்னு வாங்குறீங்க. கணக்கு கேட்டா காலண்டர் குடுக்குறீங்க! காலண்டர்ல தேதிதான் இருக்கு, நீதி இருக்கா?"

கைதட்டல். எங்கள் முதலாளி எழுந்தார். ஆபீசர்கள் ராஜ்ஜியம் வேண்டாம் என்றார். நம்பிக்கைதான் தொழிலின் உயிர் என்றார். அவர் காலத்துப் பிரெஞ்சு நிர்வாகம் எப்படி வியாபாரியின் வார்த்தையை நம்பியது என்று என் தாளில் இல்லாததையெல்லாம் சொன்னார். கடைசியில் பட்டுத்துணியைப் பிரித்து, மினிட் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அந்த வரியைப் படித்தார். பின்வரிசையில் விசில் பறந்தது.

நானா எழுந்துவிட்டார்.

"நான் பாக்கலாமா முதலாளி?"

"தாராளமா! வாங்க, வாங்க நானா!"

அவர் மேடையேறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து ஊதித் துடைத்து மாட்டி, கடைசிக் கூட்டத்துக்குப் புரட்டினார். விரலை வைத்துக்கொண்டு தேதியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அந்த விரல் தேதியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டேகால். ஊர் முழுக்க ஜும்ஆத் தொழுகைக்கு நிற்கிற நேரம். ஐந்து வேளையும் தொழுகிற அந்த மனுஷரை, ராகு காலத்துக்குப் பயந்துகொண்டு, அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனியில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க வைத்திருக்கிறேன்! "நான் பள்ளிவாசல்ல இருந்தேன், இது பொய்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழுப் புத்தகமும் பொய். எழுதியவன் நான். இழுப்பறையில் ஏற்கெனவே ஒரு கடிதம், இப்போது இது வேறு. கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கதவருகே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கூட்டத்துக்குக் காவலாக வந்தவர்கள்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

நானா படித்து முடித்தார். மறுபடி படித்தார். கண்ணாடிக்கு மேலாக மண்டபத்தைத் தேடி, தூணுக்குப் பின்னால் இருந்த என்னைக் கண்டுபிடித்தார். நான் கை கூப்பினேனா, வயிற்றைப் பிடித்துக்கொண்டேனா என்று நினைவில்லை. அவர் வக்கீலிடம் புத்தகத்தை நீட்டினார்.

"வக்கீல் சார், இதக் கொஞ்சம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

வக்கீல் கோர்ட்டுக் குரலில் படித்தார். ஐஸ் உருகவில்லை என்ற இடத்தில் சிரிப்பு எழுந்தது. மைத்துனர் வந்தபோது அடங்கியது. கடுமையான சட்டம் வேண்டும் என்று தலைவரே முன்மொழிந்தார் என்ற இடத்தில் தொழிற்சங்கத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கரகோஷம் என்று வக்கீல் படித்ததும், எங்கிருந்தோ ஒருவர் நிஜமாகவே கைதட்டினார்.

முதலாளியின் முகம் வெளுத்து, சிவந்து, ஒரு நிறத்துக்கும் வராமல் நின்றது.

"இ... இது என்னா? இப்புடி ஒரு கூட்டம்..."

"நடந்துச்சா, நடக்கலையா?" என்றார் நானா. குரலை உயர்த்தவே இல்லை. "என்னைய கேக்காதீங்க. நான் வயசாளி, மறந்திருப்பேன். கையெழுத்துப் போட்டது நீங்க. ரெண்டு எடத்துல போட்டுருக்கீங்க. நீங்களே சொல்லுங்க முதலாளி. நடந்துச்சா?"

வக்கீல் புத்தகத்தை மூடாமல், தலையை மட்டும் முதலாளி பக்கம் சாய்த்தார். மைக்கில் அது தெளிவாகக் கேட்டது.

"நடக்காத கூட்டத்துக்கு நடந்ததாக் கையெழுத்துப் போட்டிருந்தா, அதுக்குப் புதுச்சட்டம் வேணாங்க. இருக்கிற சட்டமே போதும்."

நான் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. கால் மாற்றி நின்றார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மீன்காரப் பெண்கள் யாரும் அங்கே இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவர்களுக்கும் சேர்த்து நான் பார்த்தேன். ஒன்றையும் விடாமல் பார்த்தேன்.

"நடந்துச்சு" என்றார் முதலாளி.

"அப்ப இதுல இருக்கிறதெல்லாம் நீங்க சொன்னதுதான்?"

"சொன்னதுதான்."

கட்சிப் பிரமுகர் தம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், "முதலாளி தரப்பும் ஆதரவுன்னு போட்டுக்குங்க" என்றார்.

மறுநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனபோது இழுப்பறை திறந்திருந்தது. கடிதமும் மினிட் புத்தகமும் மேஜைமேல் கிடந்தன.

"நீ எழுதுனியா அத?"

"நீங்க சொன்னத எழுதுனேன் முதலாளி. சொன்னதுதான்னு நேத்து நீங்களே அத்தன பேர் முன்னாடி..."

"நாக்க அறுத்துருவேன்! இந்தக் கடுதாசிய இன்னைக்கே ஆபீசருக்கு அனுப்புறேன். நீ கம்பி எண்ணு."

வயிறு தகவல் அனுப்பியது. ஆனால் முந்தின நாள் முழுக்க அதன் தகவலைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்திருந்தது.

"அனுப்புங்க முதலாளி. இந்தக் கடுதாசியில உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருக்கு. மினிட் புத்தகத்துல உங்களுக்கு எல்லாம் தெரியும்னு இருக்கு, உங்க கையெழுத்தோட, ஊர் சாட்சியோட. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, தெரிஞ்சவரு எதுக்குத் தெரியாதுன்னு எழுதி வாங்குனாருன்னு அந்த ஆபீசர் கேப்பாரு. அவருக்குப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறதுதானே வேலை?"

அவர் கடிதத்தைக் கையில் எடுத்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்து, "அந்தப் பக்கத்தைக் கிழி" என்றார்.

"பக்கத்துக்கு எண் போட்டிருக்குங்க. நடுவுல ஒண்ணு காணாமப் போனா ஆடிட்டர் வெத்தல போடுறதுக்கு முந்தியே கண்டுபுடிச்சிருவாரு."

அவர் கடிதத்தைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். மூக்கில் பட்டு விழுந்தது. குனிந்து எடுத்தேன். போவதற்குத் திரும்பியவன் நின்றேன். கணக்கன் புத்தி.

"முதலாளி, அன்னைக்குக் கார்பன் வச்சு எழுத வச்சீங்க. அந்த நகலும் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. நகலும் வந்தது. மறுபடி மூக்கைக் குறிவைத்தார், தவறிவிட்டது.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைக்கச் சொன்னேன். மனைவி பிரித்துப் படித்தாள்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உலையின்கீழ் தள்ளினாள். அன்றைக்குச் சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

என்னை வேலையிலிருந்து நீக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மளிகைச் சீட்டுமுதல் என் லீவு லெட்டர்வரை, நான் கையால் எழுதிய எதையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்த பிறகே கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். வேண்டுமென்றே நான் சாய்வாக, கூட்டெழுத்தாக, வரிக்கு வரி ஒட்டி எழுதினேன். டைப் மிஷின் ரிப்பேர் என்று மூன்று மாதம் சொன்னேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிப்பதை எதிரே நின்று பார்ப்பேன். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன்.

சட்டம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது, இறுகின இடத்தில் புது ஓட்டையும் விழுந்தது. எண்பதுகளில் நான் வேறு கம்பெனிக்குப் போன பிறகும் அதே விவாதம் பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் விளக்க இங்கே இடமில்லை. அந்த மண்டபக் கூட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நானா கம்பெனிக்கே வந்தார். கையில் ஒரு நீளத் தாள். வராந்தாவில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, வெள்ளிக்கெழம பன்னண்டேகாலுக்கு என்னைய இங்க நிப்பாட்டிட்டியே. என் ஜும்ஆவுக்கு யாரு பதில் சொல்றது?"

"தப்புதாங்க நானா. ராகு காலம் முடியட்டும்னு..."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "நடக்காத கூட்டத்துக்கு ராகு காலமா! யா அல்லா! நான் பொய் சொல்லல, தெரிஞ்சுக்க. நடந்துச்சான்னு கேள்விதான் கேட்டேன். ஆனா அந்தக் கேள்விய நான் நெசமாவே அஞ்சு வருசத்துக்கு முந்தி கேட்டுருக்கணும். காலண்டர வாங்கிக்கிட்டு கம்முனு போயிட்டேன்." தாளை விரித்தார். "பங்குதாரருங்க எல்லாரும் சேந்து டில்லிக்கு எழுதுறோம். கணக்குச் சட்டத்தைக் கடுமையாக்கணும்னு. உள்ள இருந்து பாத்தவன் ஒருத்தன் மொதல்ல போட்டா நல்லாருக்கும். பயமா இருந்தா வேணாம்."

பயமாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி மூக்குக்கண்ணாடியோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பறை காலி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீக்கடையில் ஒரு வருஷமாக என்னிடம் கேட்ட கேள்விக்கு இனி நான் பதில் சொல்லலாம்.

பேனாவை வாங்கி, முதலாளி நன்றாகப் பார்க்கட்டும் என்று தாளைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போட்டேன். கை நடுங்கியதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

"இது யாரு தம்பி?" என்றார் நானா.

அடித்துவிட்டு, கீழே மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஓர் எழுத்தும் ஒட்டாமல், முதலாளியே அங்கிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக, பெயரும் வேலையும் கம்பெனியின் முகவரியும் முழுசாக எழுதினேன்.